சோலார் பேனலுக்கு முன்னால் மேல்தளத்தைப் பாருங்கள்

கேள்வி: மேல்மாடி வீடு. தலைக்கு மேல் வெறும் காங்கிரீட் தளம், மேற்கே பெரிய ஜன்னல். மின்சாரச் செலவும் குறைய வேண்டும், சுற்றுச்சூழலுக்கும் நல்லதாக இருக்க வேண்டும். இருக்கும் பணத்தில் ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும். சோலார் பேனல், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், புது இன்வெர்ட்டர் ஏசி, இந்த மூன்றில் எது முதலில்?

பிப்ரவரி 11

மூன்றும் இல்லை. தளம்தான் முதலில்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் மீது ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. உங்கள் படுக்கையறை 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் தலைமேல் மட்டும் 12 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி முழுமூச்சாக ஓடினால் வெளியே தள்ளுவது சுமார் 5.3 கிலோவாட் வெப்பம்தான். விழுவதெல்லாம் உள்ளே வராது, கொஞ்சம் எதிரொளித்துப் போகும், நிறையக் காற்று எடுத்துக்கொண்டு போகும். ஆனாலும் காங்கிரீட் ஒரு பங்கைக் குடித்து வைத்துக்கொண்டு நான்கைந்து மணி நேரம் கழித்து, நாம் படுக்கப் போகும் நேரமாகப் பார்த்து, கீழே இறக்குகிறது.

நானும் மேல்மாடிதான். தூரத்தில் இருந்தே சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரியான வெப்பமானி ஒன்று வாங்கி, கோடையில் ஒரு வாரம் கூரையின் அடிப்பக்கத்தை அளந்தேன். மதியம் 1 மணிக்கு 35 டிகிரி. இரவு 9 மணிக்கு 40. வெளியே காற்று குளிர்ந்துவிட்டது, சுவர்கூட ஆறிவிட்டது, கூரை மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த இரவு வரை எனக்கு ஏசி பழசாகிவிட்டது என்றுதான் எண்ணம். ஏசி மேல் ஒரு குற்றமும் இல்லை, தலைக்கு மேல் ஒரு அடுப்பை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட வைத்திருந்தேன்.

பிப்ரவரி 12

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் மீட்டரைக் காலையிலும் படுக்கும் முன்பும் எழுதி வையுங்கள். பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று பிரிந்து வந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நான் ஒரு நாள் எல்லாவற்றையும் அணைத்ததாக நினைத்துவிட்டுப் பார்த்தபோது, ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிய பிறகுகூட, 40 வாட் ஓடிக்கொண்டிருந்தது. டிவி பெட்டி, அதன் ஸ்பீக்கர், ஒரு பழைய பிரிண்டர், தூங்கும் கணினி. 40 வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 350 யூனிட். யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல். ஒரு சுவிட்ச் பலகையில் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டி, இரவில் ஒரே தட்டில் அணைக்கிறேன்.

பிப்ரவரி 15

"அப்படியானால் தளத்துக்கு வெள்ளை அடித்தால் போதுமா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான வெயில் பகுதிகளில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் அதுதான். கறுத்த தளம் வெயிலில் 10 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். நல்ல புது வெள்ளைப் பூச்சு 80 சதவீதம் வரை அனுப்பும். சுண்ணாம்பும் வேலை செய்யும், ஆனால் மழையில் கரையும், அடிக்கடி அடிக்க வேண்டும்.

இங்கே ஒருவர் பளபளக்கும் அலுமினியப் பூச்சு பரிந்துரைத்திருக்கிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை. பளபளப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும், சரி. ஆனால் ஏறிய சூட்டை வானத்துக்குக் கதிராக விட்டுவிடும் குணம் உலோகத்துக்குக் குறைவு. வெயிலில் கிடந்த பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், புரியும். வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்கிறது: வருவதைத் தடுக்கும், வந்ததையும் இரவில் விட்டுவிடும்.

நான் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். தளத்தில் மெல்லிய விரிசல்கள் இருந்தன, உள்ளே ஓதம் இருந்தது. பார்க்காமல் மேலே பூச்சு அடித்தோம். முதல் வெயிலில் உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, மூன்றே மாதத்தில் தகடு தகடாக உரிந்தது. மறுபடி எல்லாவற்றையும் சுரண்டி, விரிசலை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் நின்றது. நீர்க்கசிவை முதலில் சரிசெய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது தளத்தைக் கழுவுங்கள், தூசி படிந்த வெள்ளை பாதி வேலைதான் செய்யும்.

பூச்சோடு நிற்காமல் தளத்தின் மேல் வெப்பத்தடுப்புப் பலகை போட முடிந்தால் இன்னும் நல்லது. தெர்மாகோல் வகைப் பலகை வெப்பத்தைக் கடத்தும் அளவு காங்கிரீட்டில் நாற்பதில் ஒரு பங்குகூட இராது. தடுப்பைத் தளத்துக்கு மேலே போடுங்கள், அடியில் வேண்டாம். அடியில் போட்டால் காங்கிரீட் வெயிலில் நின்று விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், விரிசல் வரும்.

பிப்ரவரி 19

மேற்கு ஜன்னல். இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நான் இரண்டு கோடை இதில்தான் ஏமாந்தேன். கெட்டியான திரைச்சீலை போட்டேன், அறை இருண்டது, சூடு மட்டும் குறையவே இல்லை. காரணம் எளிது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. திரை அதை வாங்கிச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. ஒளியாக வந்ததைக் கண்ணாடி வழி விடும், வெப்பக் கதிராக மாறிய பிறகு வெளியே விடாது. அதனால் மறைப்பு எப்போதும் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி, மரப்பட்டைக் கதவு, கம்பியில் ஏற்றிய கொடி, எதுவானாலும்.

கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு மேலே நீட்டும் சன்ஷேடு உதவாது. அந்த நேரத்துச் சூரியன் தாழ்வாக நின்று நேராக உள்ளே பார்க்கும். நிமிர்ந்து நிற்கும் மறைப்புதான் வேண்டும். தெற்கு ஜன்னலுக்கு மட்டும் சன்ஷேடு அருமையாக வேலை செய்யும், கோடையில் உச்சியில் நிற்கும் சூரியனைத் தடுத்து, குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயிலை உள்ளே விடும்.

இரட்டைக் கண்ணாடியா? ஒற்றைக் கண்ணாடி வழியாகக் கடந்து போகும் வெப்பத்தை அது ஏறக்குறைய பாதியாக்கும் என்பது உண்மை. ஆனால் அது இரண்டு பக்கமும் வெப்பநிலை வேறுபடுவதால் கடக்கும் வெப்பம். நேர்வெயிலை வெறும் தெளிவான இரட்டைக் கண்ணாடி பெரும்பாலும் அப்படியே உள்ளே விட்டுவிடும். உங்கள் சிக்கல் நேர்வெயில். தட்டி வாங்குங்கள்.

பிப்ரவரி 20

திருத்தம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வசிக்கும் ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. நான் எழுதியது வட அரைக்கோளத்துக்கு. அவர்களுக்குச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும், ஆகவே சன்ஷேடு வடக்கு ஜன்னலுக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். கிழக்கும் மேற்கும் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி தொல்லைதான்.

மார்ச் 4

குளிர்நாட்டில் பழைய வீடு வாங்கிவிட்டு, அதைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள என்ன செய்வது என்று கேட்டவருக்கு. உங்கள் கதை எங்களுடையதற்கு நேர் தலைகீழ், ஆனால் வரிசை அதேதான்: முதலில் ஓட்டையை அடை, பிறகு தடுப்பைப் போடு, கடைசியில் இயந்திரம். வெறும் வெப்பத்தடுப்பு போட்டுவிட்டு இடுக்குகளை விட்டால், பின்னல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காற்றில் நிற்பது மாதிரி.

இதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவின் ரெஜைனா நகரில் 1977-லேயே சஸ்காட்சவன் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற வீட்டைக் கட்டினார்கள். தடித்த தடுப்பு, காற்று புகாத உறை, வெளியேறும் காற்றிலிருந்து சூட்டை மீட்கும் கருவி, மூன்றும் அதில் இருந்தன. பிறகு போ ஆடம்சன், வுல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற கட்டட ஆய்வாளர்கள் இருவரும் 1988-ல் பேசத் தொடங்கிய எண்ணம், 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் குடிபுகத் தயாரான முதல் 'பாசிவ் ஹவுஸ்', அதாவது சூடேற்ற மிகக் குறைந்த ஆற்றலே கேட்கும் வீடு, ஆனது. பாசிவ் ஹவுஸ் தரம் சூடேற்றலுக்குக் கேட்பது சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்குள். காற்றுக் கசிவுக்கும் அளவு உண்டு. வாசலில் பெரிய விசிறியை வைத்து 50 பாஸ்கல் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போது ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்றில் 0.6 பங்குக்கு மேல் மாறக் கூடாது. பழைய வீட்டை அந்த அளவுக்குக் கொண்டுவருவது கடினம், வர வேண்டியதும் இல்லை. ஆனால் எங்கே கசிகிறது என்று தெரிய அந்த விசிறிச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். அது முடியாவிட்டால் காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், குழாய் நுழையும் துளை, பரணுக்கு ஏறும் கதவு எல்லாம் காட்டிப் பாருங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே பணம் வெளியே போகிறது.

மார்ச் 5

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. பாதிதான் சொல்லியிருக்கிறேன், பாதி சொன்னால் ஆபத்து.

நானும் ஏசி அறையின் இடுக்குகளை எல்லாம் அடைத்தேன். ஏசி குறைவாக ஓடியது, மகிழ்ச்சி. அடுத்த மழைக்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூசணம். நாம் மூச்சு விடுவது, குளிப்பது, சமைப்பது, துணி காயப்போடுவது எல்லாமே காற்றில் ஈரம் சேர்க்கிறது, ஒரு குடும்பம் ஒரு நாளில் பல லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. முன்பு இடுக்குகள் வழியாகப் போனது இப்போது போக வழியின்றிக் குளிர்ந்த மூலையில் நீராகப் படிகிறது. அலமாரியை ஒரு கை அகலம் தள்ளிப்போட்டோம், குளியலறையிலும் சமையலறையிலும் வெளியே தள்ளும் ஃபேன் வைத்தோம், காலையில் அரை மணி நேரம் ஜன்னல்களைத் திறக்கிறோம். போய்விட்டது.

இதைவிடப் பெரியது: வீட்டுக்குள் எரிவாயு கீசரோ, விறகு அல்லது கரி எரியும் அடுப்போ இருந்தால், காற்றுக்கு வழி செய்யாமல் எதையும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் அதற்கான அலாரம், கீசரை வெளியே மாற்றுவது, பிறகுதான் மற்றது. மின்சாரம் மிச்சமாவதெல்லாம் உயிருக்கு அப்புறம்.

மார்ச் 16

ஏசி பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை உள்ளிருந்து வெளியே சுமக்கிறது. அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்தில் மூன்று நான்கு யூனிட் வெப்பத்தை நகர்த்த முடிகிறது. திருப்பி ஓட்டினால் அதுவே வெப்பப் பம்பு, குளிர்நாட்டு நண்பருக்கும் கம்பிச்சுருள் ஹீட்டரை விட அதுதான் சரி. 'டன்' என்பது எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது இழுக்கும் வெப்பம், அதாவது சுமார் 3.5 கிலோவாட்.

பெரிதாக வாங்கினால் நல்லது என்று விற்பவர் சொல்வார். வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது, அறை சில்லென்று பிசுபிசுவென்று இருக்கும். தளத்தையும் ஜன்னலையும் சரிசெய்துவிட்டு அளவு பாருங்கள், ஒன்றரை டன் கேட்ட அறை ஒரு டன்னில் முடியலாம்.

சீலிங் ஃபேனை மறந்துவிடாதீர்கள். பழைய ஃபேன் 75 வாட் தின்கிறது, புதிய பிஎல்டிசி மோட்டார் ஃபேன் அதே காற்றை 30 வாட்டுக்குப் பக்கத்தில் தருகிறது. ஃபேனோடு சேர்த்து ஏசியை இரண்டு மூன்று டிகிரி கூட்டி வைத்தாலும் உடம்புக்கு அதே சுகம். ஆனால் ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, நம் தோலைத்தான். ஆளில்லாத அறையில் ஓடினால் வீண்.

ஏசிக்குள் ஓடி வெப்பத்தைச் சுமக்கும் வாயு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஓசோனைத் தின்னும் பழைய வாயுக்களை 1987-ன் மாண்ட்ரியல் உடன்பாடு ஒழித்துக்கொண்டு வருகிறது. அவற்றுக்குப் பதிலாக வந்தவை ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்கும். அவற்றைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அந்த உடன்பாட்டைத் திருத்தினார்கள். நூறாண்டுக் கணக்கில் ஆர்-410ஏ என்ற ஏசி வாயு ஒரு கிலோ, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயு சுமார் 2,000 கிலோவுக்குச் சமம். ஆர்-32 சுமார் 675. ஆர்-290 என்கிற புரோப்பேன் ஒற்றை இலக்கத்தில். பழைய ஏசியைக் கழற்ற வருபவர் குழாயை வெட்டி 'புஸ்' என்று விட்டால், பல மாதம் நாம் மிச்சம் பிடித்தது அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். வாயுவைச் சிலிண்டரில் எடுப்பவரா என்று கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். என் வீட்டில் கேட்காமல் விட்டேன், பால்கனியில் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 29

சுடுநீர். 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 3.5 யூனிட் வேண்டும், எந்தக் கீசரானாலும் இயற்பியல் அதுதான். வெயிலில் சூடாகும் குழாய்கள் அல்லது வெப்பப் பம்பு வைத்தால் மட்டுமே அந்த மின்சாரம் குறையும். ஷவரை மெல்லிய துளையுள்ளதாக மாற்றினால் தேவையே குறையும். தொட்டியில் சேமிக்கும் நீரை 60 டிகிரியில் வையுங்கள், மிச்சம் பிடிக்கிறேன் என்று வெதுவெதுப்பாக வைத்தால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

ஏப்ரல் 10

இப்போது சோலார். மொட்டை மாடி காலியாக இருக்கிறது, தேவையும் குறைந்துவிட்டது.

வெயில் நன்றாக உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் தகடு விழுந்த ஒளியில் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது, இன்று கடையில் கிடைப்பதே 20 சதவீதம் தாண்டும். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். தளத்தோடு ஒட்டி வைக்காமல் காற்றோட இடைவெளி விடுங்கள். வெள்ளைத் தளம் இங்கேயும் உதவுகிறது. பேனலே தளத்துக்கு நிழல் தருவது கூடுதல் நன்மை.

தண்ணீர் டேங்கின் நிழல் மாலை எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க மேலே போய்ப் பாருங்கள். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றவற்றையும் இழுத்துவிடும். இன்னொன்று பலருக்கும் பிறகுதான் தெரிகிறது: பேட்டரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பவர்கட்டுக்காகத்தான் போடுகிறீர்கள் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஏப்ரல் 12

ஒருவர் கடுமையாக மறுத்திருக்கிறார். தனக்குக் கீழ்த்தளத்தில் வீடு, மேலே பொதுத் தளம், வீடு ஏற்கெனவே குளுமை, அப்புறம் ஏன் சோலாரைக் கடைசியில் வைக்க வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரி. சோலாரைத் தாழ்த்திச் சொல்லவில்லை. எதற்காக வரிசை சொன்னேன் என்றால், தேவையைக் குறைத்தபின் வாங்குவது சிறிதாகும். குறைக்க ஒன்றும் மிச்சம் இல்லாதவர் நேராக மாடி ஏறலாம். பிப்ரவரியில் "மூன்றும் இல்லை" என்று வெட்டினாற்போல் சொன்னது கேள்வி கேட்டவரின் வீட்டுக்குப் பொருந்தும், எல்லோருக்கும் இல்லை.

மே 6

இடித்துவிட்டுப் புதிதாகப் 'பசுமை வீடு' கட்டலாமா என்ற கேள்விக்கு என் மனம் உடனே வேண்டாம் என்கிறது. சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியே வருகிறது. வெளியேறுவதில் பாதிக்கு மேல் இந்த வேதியியலால்தான், எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. உலகத்தின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமென்ட்டின் பங்கு 7, 8 சதவீதம். நிற்கும் சுவருக்கான கரியமில வாயு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. உறுதியாக இருந்தால் திருத்துங்கள்.

காலி மனையில் கட்டுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள், வரைபடத்தில் கோடுகளை மாற்றச் செலவே இல்லை. வீட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும், அப்போது மேற்கு வெயில் படுவது குறுகிய பக்கம். அங்கே படுக்கையறை வேண்டாம், படிக்கட்டும் குளியலறையும் சாமான் அறையும் வரட்டும். எதிரெதிர் ஜன்னல் வையுங்கள். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைக் குத்தாக வைத்து நடுவில் இடைவெளி விடுவார்கள், கால் பங்கு செங்கல் மிச்சமாகும், அந்த இடைவெளிக் காற்று வெப்பத்தையும் தடுக்கும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கடினம்.

மே 20

கணக்கு நோட்டைப் புரட்டினேன். எல்லாம் செய்தபின் என் இரவு யூனிட் பாதியாகும் என்று எதிர்பார்த்தேன், மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஏன் என்று தேடினால், ஏசி முன்பு 5 மணி நேரம் ஓடியது, இப்போது 8 மணி நேரம். செலவு குறைவுதானே என்று யாரும் அணைப்பதில்லை. திறமையான இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடத்தான் செய்யும் என்று பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865-லேயே எழுதிவிட்டார்.

முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம் அந்த மூன்று மணி நேரம் எங்கே போனது என்று பார்த்தேன். அம்மாவின் அறை. முன்பெல்லாம் கோடையில் அம்மா இரண்டு மணிக்கு எழுந்து ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார், கரண்ட் செலவு என்று சொல்லி ஏசியைத் தொடமாட்டார். இப்போது விடியும் வரை தூங்குகிறார். அதை வீண் என்று என்னால் எழுத முடியாது. என் அறையில் மட்டும் நள்ளிரவில் நிற்க டைமர் வைத்துவிட்டேன்.

ஜூன் 9

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து அளவுகளைப் போட்டிருக்கிறார், படித்ததும் எனக்கே வீடு குளிர்ந்தது போல இருந்தது. விரிசலை அடைத்து, காயவிட்டு, வெள்ளை அடித்திருக்கிறார். இரவு 9 மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் 41 டிகிரியாக இருந்தது, இப்போது 34. மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி. கொடி பாதி உயரம் ஏறிவிட்டதாம்.

ஏசியை இப்போது வாங்கவா என்று கேட்கிறார். இந்தக் கோடை பழையதையே ஓட்டுங்கள், ஃபேனை மட்டும் மாற்றுங்கள். கொடி முழுக்க மூடியபின் எத்தனை டன் வேண்டும் என்று பார்க்கலாம். இரவு 9 மணி அளவை எழுதுவதை நிறுத்த வேண்டாம். வெள்ளையில் அழுக்கு ஏறத் தொடங்கினால் மாடிக்குப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே அந்த எண்ணில் தெரிந்துவிடும், அன்றைக்குக் குழாயையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு ஏறினால் போதும்.